தாடை டக்கென்றது, இப்போது வாய் இரண்டு விரல்தான் திறக்கிறது: பல்லை அராவித் தேய்க்க வேண்டும் என்கிறார்கள், செய்யலாமா?

தாம்வே முருகேசு:
எல்லோருக்கும் வணக்கம். கோயில் திருவிழா, விசா, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு தவிர வேறு எதையும் நான் இந்தப் பர்மாத் தமிழர் மன்றத்தில் கேட்டதில்லை. இன்று என் தாடையைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன்.

இரண்டு வருடமாக வாயைப் பெரிதாகத் திறந்தால் இடது காதுக்கு முன்னால் டக்கென்று ஒரு சத்தம் வரும். வலி கிடையாது. சாப்பிடும்போது பக்கத்தில் இருக்கும் மகளுக்கே கேட்கும், "அப்பா, இன்னொரு தடவை" என்பாள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் பல் விளக்கப் போனால் பிரஷ் சரியாக உள்ளே போகவில்லை. இரண்டு விரல் அளவுக்கு மேல் வாய் திறக்கவே இல்லை. அன்றோடு டக் சத்தமும் நின்றுவிட்டது. மீன் நூடுல்ஸ் சூப்பான மொஹிங்கா குடிக்க முடிகிறது. தேயிலைக் கலவையான லபெதோவில் வரும் பொரித்த பயறை மென்றால் காதுக்குள் சுரீர் என்கிறது.

டவுனில் ஒரு பல் கிளினிக்கில் காட்டினேன், பெயர் வேண்டாம். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாக உட்காரவில்லை, அதனால்தான் மூட்டு விலகிவிட்டது, ஆறு பல்லை அராவித் தேய்த்துச் சமன் செய்துவிட்டு அப்புறம் கம்பி போட வேண்டும் என்றார்கள். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். தேய்த்த பல் திரும்ப முளைக்காது என்பதால்தான் யோசிக்கிறேன். யாருக்காவது இப்படி வந்ததா?

சாயாக்கடை சாமி:
எனக்கு வரவில்லை. என் சித்தப்பாவுக்கு இதற்கு நேர்மாறாக வந்தது. கொட்டாவி விட்டவருக்குத் திறந்த வாய் மூடவில்லை. வாயில் நீர் வடிய உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து கன்னத்தில் பொளேர் என்று ஒன்று வைத்தார், தாடை உட்கார்ந்துவிட்டது. சித்தி அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! முருகேசு, ஆறு பல்லைக் கொடுப்பதற்கு ஒரு அறை மலிவு.

மோல்மீன் ராஜாத்தி:
சாமி, பிள்ளை வலியில் கேட்கிறான், நீ அறையச் சொல்கிறாய். தம்பி முருகேசு, காலில் ஆணி கீணி குத்தியதா? துருப்பிடித்த தகரம் ஏதாவது கீறியதா? எங்கள் காலத்தில் வாய் திறக்கவில்லை என்றால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். டெட்டனஸ் என்கிற வாய்ப்பூட்டு நோயில் ஒரு பையன் போனதைச் சின்ன வயதில் பார்த்தவள் நான்.

பெகு காதர்:
எனக்கும் ஒரு வருடத்துக்கு மேலாக இரண்டு விரல்தான் முருகேசு. வலியும் இல்லை, சத்தமும் இல்லை. வயதானால் எல்லா மூட்டும் இறுகும், இதுவும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். பெரிய கவளமாகச் சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான். முன்னைப்போல் காரமும் சேரவில்லை, அது வயிற்றுக் கோளாறு என்று நினைக்கிறேன். கவலைப்படாதே, பழகிவிடும்.

பல்லாண்டு:
முருகேசு அண்ணே, நான் பல் மருத்துவர். யாங்கோனின் திங்கங்யூன் பகுதியில் உள்ள பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். வாயைப் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது: வாய் திறக்காமல் போன அன்றே டக் சத்தமும் நின்றது.

காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடுங்கள். உருண்டையாக ஒன்று நகரும். அது கீழ்த்தாடை எலும்பின் முனை. முழங்கை கதவுக்கீல் மாதிரி மடங்கினால் போதும். இந்த மூட்டு அப்படியில்லை. முதலில் கீல் மாதிரி சுழலும், வாய் பாதி திறந்த பிறகு முனை மேட்டில் சறுக்கி முன்னால் போகும். முனைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே நாரும் குருத்தும் கலந்த ஒரு சின்ன வட்டு இருக்கிறது. அது தொப்பி மாதிரி முனையின் மேல் உட்கார்ந்து கூடவே போய்வர வேண்டும். சிலருக்கு அந்தத் தொப்பி முன்னால் நழுவிக் கிடக்கும். வாய் திறக்கும்போது முனை அதன் அடியில் புகுந்துகொள்ளும் சத்தம்தான் உங்கள் மகள் கேட்டு ரசித்த டக். ஒருநாள் முனை புக முடியாமல் முட்டி நின்றால் சத்தமும் வராது, வாயும் பாதியில் நின்றுவிடும்.

இரண்டு வேலை செய்யுங்கள். கண்ணாடி முன் நின்று மெதுவாகத் திறங்கள், மோவாய் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அப்புறம் மகளின் ஸ்கேலை எடுத்து மேல் முன்பல் விளிம்பிலிருந்து கீழ் முன்பல் விளிம்பு வரை எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதுங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 40 மி.மீ.க்குக் குறையாது.

ராஜாத்தி அக்கா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் வாய்ப்பூட்டு நோய் நாளுக்கு நாள் ஏறும், கழுத்தும் முதுகும் விறைக்கும், மூன்று வாரம் மொஹிங்கா குடிக்க விடாது. காய்ச்சலோ வீக்கமோ இருந்தால் மட்டும் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சாமி அண்ணே, தயவுசெய்து யாரையும் அறையாதீர்கள். தாடை எலும்பு முறிந்தால் சித்தி சிரிக்க மாட்டார். விலகிய தாடையைக் கட்டைவிரலால் கீழே அழுத்திப் பின்னால் தள்ளி உட்கார வைக்கும் முறை மிகப் பழையது. எகிப்தில் கிடைத்த எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற பழைய மருத்துவச் சுருளிலேயே இருக்கிறது, பழங்கால கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸும் எழுதியிருக்கிறார். பழகியவர் செய்ய வேண்டிய வேலை அது.

காதர் பாய், உங்களிடம் தனியாக ஒரு கேள்வி. வெற்றிலை போடுவீர்களா? எத்தனை வருடமாக? கன்னத்தின் உள்பக்கத்தை நாக்கால் தடவினால் எப்படி இருக்கிறது?

தாம்வே முருகேசு:
டாக்டரம்மா, மோவாய் இடது பக்கமே சாய்கிறது. அளந்தது மகள். 28 மி.மீ. மூன்று தடவை அளந்துவிட்டு நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்துவிட்டாள். ஆணி எதுவும் குத்தவில்லை அக்கா.

பல்லாண்டு:
இடது மூட்டு சறுக்காமல் நிற்கிறது, வலது முன்னால் போகிறது, அதனால் மோவாய் இடதுபக்கம் இழுபடுகிறது. இரண்டும் ஒரே எலும்பின் இரண்டு முனைகள் அல்லவா, ஒரு மாடு படுத்துக்கொண்டால் வண்டி அந்தப் பக்கம் திரும்புகிற மாதிரி. வட்டு நழுவிப் பூட்டிக்கொண்டது என்று சந்தேகிக்க இது போதும். உறுதி செய்வது நேரில் பார்ப்பவர் வேலை.

இனி பல் தேய்ப்பதற்கு வருவோம். உங்கள் கிளினிக்கார் சொன்னது அவர் கண்டுபிடித்ததில்லை, அது தொண்ணூறு வருடப் பழைய கதை. 1934இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்குத் தொண்டை மருத்துவர் 11 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பல் போனவர்களுக்குத் தாடை அதிகமாக மூடிக்கொள்கிறது, முனை பின்னால் போய் நரம்பை அழுத்துகிறது, அதனால் காது வலி, காது இரைச்சல், தலைச்சுற்றல் வருகிறது என்றார். அவர் சொன்ன மாதிரி நரம்பு நசுங்க அங்கே வழியில்லை என்று உடற்கூறு படித்தவர்கள் பிறகு காட்டினார்கள். ஆனால் அதற்குள் நோய் பல் மருத்துவர்களின் கைக்கு வந்துவிட்டது. கையில் அரம் இருப்பவனுக்குப் பார்ப்பதெல்லாம் தேய்க்க வேண்டியதாகத்தானே தெரியும். அதன் பிறகு எத்தனை பேர் பல்லைத் தேய்த்தார்கள், உயர்த்தினார்கள், கட்டினார்கள் என்று கணக்கில்லை.

சிகாகோவில் லாஸ்கின், கிரீன் என்ற இரண்டு பல் மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. 1976இல் குட்மன் என்பவரோடு சேர்ந்து அவர்கள் வெளியிட்ட ஒரு சோதனையை நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். தாடைத் தசை வலி உள்ள 25 பேருக்குப் பல் தேய்ப்பது போல நடித்தார்கள். கருவி சத்தம் போட்டது, நோயாளி வாயைத் திறந்து படுத்திருந்தார், கடியில் ஒரு துளி மாற்றம் இல்லை. 16 பேர் வலி முழுக்கவோ பெரும்பாலுமோ போய்விட்டது என்றார்கள். தேய்க்காமலே 64 சதவீதம்! இதைப் படித்த பிறகு, தேய்த்தேன் சரியானது என்று யாராவது சொன்னால், தேய்த்ததால் சரியானதா என்று கேட்காமல் இருக்க முடியாது.

அடுத்த வாரம் போக வேண்டாம் அண்ணே.

கணக்கர் வேலு:
டாக்டரம்மா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பல் தேய்ப்பது வேண்டாம், சரி. ஆனால் எல்லாமே மனப்பிரமை என்பது போலப் போகிறது பேச்சு. எனக்கு மூன்று வருடமாகத் தாடை வலி. சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது அளவெடுத்து ஒரு நைட் கார்டு, அதாவது பல்லின் மேல் மாட்டும் தகடு, செய்து கொடுத்தார்கள். இரவில் போட்டுக்கொண்டு படுத்தால் காலையில் தலைவலி இல்லை. போடாமல் படுத்தால் இருக்கிறது. இது என் சொந்த அனுபவம். எந்த ஆராய்ச்சி வந்து இதை இல்லை என்று சொல்லும்?

பல்லாண்டு:
யாரும் இல்லை என்று சொல்லவில்லை வேலு அண்ணே. போட்டால் சுகமாக இருக்கிறதென்றால் போடுங்கள், கழற்றி வைக்கக் கூடியதுதானே. பல்லைத் தேய்ப்பதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே அதுதான்.

ஆனால் கேட்டுவிட்டதால் சொல்கிறேன். 2023 டிசம்பரில் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சர்வதேசக் குழுவின் வழிகாட்டுதல் வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்கு எது உதவும், எது உதவாது என்று அதுவரை வந்த சோதனைகளைக் கூட்டிப் பார்த்தார்கள். உறுதியாகப் பரிந்துரைத்தவை தாடைப் பயிற்சியும் நீட்டலும், பயிற்சி பெற்றவர் கையால் மூட்டையும் தசையையும் இளக்குவது, கழுத்து முதுகு நிலைக்கான பயிற்சி, வலியைப் பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் மனநலச் சிகிச்சை, அப்புறம் நோயை விளக்கிச் சொல்லி வீட்டில் செய்யக் கற்றுக்கொடுப்பது. கழற்றக்கூடிய நைட் கார்டைப் பொதுவாக வேண்டாம் என்ற பக்கம்தான் வைத்தார்கள், ஆனால் அது மென்மையான வேண்டாம். தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியும், ஊசி வழியே மூட்டைக் கழுவும் சிகிச்சையும் அதே வரிசை. பல்லின் அமைப்பையே நிரந்தரமாக மாற்றிவிடும் தகடுகளும், வட்டை வெட்டி எடுப்பதும் கண்டிப்பாக வேண்டாம் என்ற வரிசை.

எனக்கு அந்த வழிகாட்டுதலில் முழு உடன்பாடு கிடையாது. மூட்டைக் கழுவும் முறையை நிட்ஸான் என்ற இஸ்ரேல் மருத்துவரும் கூட்டாளிகளும் 1991இல் எழுதியதே முருகேசு அண்ணனுக்கு வந்திருப்பது மாதிரி திடீர்ப் பூட்டுக்குத்தான். நாள்பட்ட வலியையும் புதுப் பூட்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

அதற்காக உடனே ஊசிக்கு ஓடவும் வேண்டாம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இப்படிப் பூட்டிக்கொண்ட 106 பேரைச் சீட்டுக் குலுக்கி நான்காகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு மாத்திரையும் அறிவுரையும், ஒரு பகுதிக்குப் பயிற்சியும் தகடும், மூன்றாவதுக்கு மூட்டுக்குள் குழாய் விட்டுச் செய்யும் சிகிச்சை, நான்காவதுக்குத் திறந்து செய்யும் அறுவை. 2007இல் முடிவு வெளிவந்தது. ஐந்து வருடம் பார்த்தும் நான்குக்கும் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. கத்தி வைத்தவரும் வைக்காதவரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள்.

காதர் பாய், என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

நிலாமதி:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். "எண்ணத்தை மாற்றும் சிகிச்சை" என்ற இடத்தில் பொறுக்க முடியவில்லை.

எனக்கு ஆறு வருடமாக இரண்டு பக்கமும் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று பார்த்த இடத்திலெல்லாம் ஒரே பாட்டு: டென்ஷன் வேண்டாம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், தூக்க மாத்திரை எழுதித் தருகிறேன். வலி இருக்கிறது என்று நிரூபிக்கவே என் பலம் எல்லாம் போய்விட்டது. பெண் சொன்னால் மனசு, ஆண் சொன்னால் மூட்டு. முருகேசு அண்ணனிடம் யாராவது உங்கள் மனசுதான் காரணம் என்றார்களா?

அறுவை பக்கமும் நான் படித்திருக்கிறேன். எண்பதுகளில் அமெரிக்காவில் வட்டை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ப்ரோப்ளாஸ்ட் டெஃப்லான் என்ற செயற்கைத் தகடு வைத்தார்கள். 1983இல் விற்க அனுமதி கிடைத்தது. மெல்லும்போது விழும் பாரத்தில் அது துகள் துகளாக உதிர்ந்தது, உடம்பு அந்தத் துகளை எதிர்த்துப் போராடியதில் சுற்றியிருந்த எலும்பே அரித்துப்போனது. தொண்ணூறில், தொண்ணூற்று ஒன்றில்தான் எச்சரிக்கை வந்தது. அதற்குள் வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு பக்கம் மனசு என்று திருப்பி அனுப்புவது, இன்னொரு பக்கம் சரியாகச் சோதிக்காத தகட்டை வைத்துத் தைப்பது. எங்களுக்கு நடுவில் ஒன்று கிடைக்கவில்லை.

பல்லாண்டு:
நிலாமதி, நீங்கள் சொன்ன தகட்டுக் கதை உண்மை. எங்கள் துறை தலை குனிய வேண்டிய கதை.

மனசு என்ற விஷயத்தில் நான் கொஞ்சம் பொறுமையாக எழுத வேண்டும், சுருக்கமாக எழுதியது என் தப்பு. வட கரோலினாவைத் தலைமையிடமாகக் கொண்டு அமெரிக்காவில் நான்கு ஊர்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, ஓப்பரா என்பார்கள். 2006இல் ஆரம்பித்தார்கள். அதற்கு முன் எல்லோரும் வலி வந்தவரைப் பிடித்து ஏன் வந்தது என்று கேட்டார்கள். இவர்கள் மாற்றி யோசித்தார்கள். 18 முதல் 44 வயது வரை, தாடை வலி இல்லாத மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து, பல்லையும் தசையையும் அளந்து, தூக்கத்தைக் கேட்டு, ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்கு வலி வருகிறது என்று வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். வருடத்துக்கு நூற்றில் நான்கு பேர் போல வந்தது.

யாருக்கு அதிகம் வந்தது? முதுகுவலி, தலைவலி, குடல் எரிச்சல் நோய் என்று ஏற்கெனவே வேறு இடத்தில் வலி உள்ளவர்களுக்கு. தூக்கம் கெட்டவர்களுக்கு. உடம்பில் பல சின்னச் சின்ன உபத்திரவங்கள் சொன்னவர்களுக்கு. மனச்சோர்வும் பதற்றமும் பட்டியலில் இருந்தன, ஆனால் அவை வலிக்கு முன்னாலேயே அளக்கப்பட்டவை. தாடை வலி என்பது பல நேரம் தாடையோடு முடிவதில்லை, வலியைக் கடத்தும் நரம்பு மண்டலம் முழுவதும் உஷாராகிக் கிடக்கிறது. அதைத்தான் "மனசு" என்று ஒரே வார்த்தையில் உங்கள் மேல் போட்டுவிட்டார்கள். இன்னொன்றும் வந்தது: புதிதாக வலி வருவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாள்பட்டுத் தங்குவதில்தான் பெண்கள் அதிகம். ஏன் தங்குகிறது என்று கேட்கும்போது, முதல் வருடம் அவளை யாராவது நம்பினார்களா என்றும் கேட்க வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து.

2014இல் வந்த உலகளாவிய நோயறிதல் முறையில் இதற்காகவே இரண்டு அச்சு வைத்திருக்கிறார்கள். ஒன்றில் மூட்டும் தசையும். மற்றொன்றில் அந்த வலி ஆளை எவ்வளவு முடக்குகிறது, தூங்க விடுகிறதா, வேலைக்குப் போக விடுகிறதா. இரண்டையும் கேட்காமல் எழுதும் சீட்டு பாதிச் சீட்டுத்தான். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதும் உங்களுக்கு வலி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. மறுபக்கம், எந்த வலியும் இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் மூன்றில் ஒருவருக்கு வட்டு நழுவித்தான் கிடக்கிறது. படம் வேறு, வலி வேறு.

நிலாமதி:
ஆறு வருடத்தில் இதை எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. சரி. தூக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதுகூட இல்லை.

சாயாக்கடை சாமி:
தூக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. என் வீட்டுக்காரி சொல்கிறாள், நான் ராத்திரி பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம், எலி பலகையைக் கறம்புகிற மாதிரி இருக்கிறதாம். எனக்குத் தாடையில் ஒரு வலியும் இல்லை. வலிப்பது அவளுக்குத்தான். டாக்டரம்மா, பல் கடித்தால் மூட்டு போய்விடும் என்கிறார்களே?

பல்லாண்டு:
நீங்களே பதிலும் சொல்லிவிட்டீர்கள். 2012இல் நியூயார்க் குழு ஒன்று தாடைத் தசை வலி உள்ள 124 பெண்களையும் இல்லாத 46 பெண்களையும் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துத் தசையின் மின்னோட்டத்தை அளந்தது. ராத்திரி பல் கடிப்பது இரண்டு பக்கமும் பத்தில் ஒருவர் போலத்தான் இருந்தது. வலி உள்ளவர்கள் தாங்கள் கடிப்பதாக நம்பினார்கள், அதுதான் வேறுபாடு. பிறகு அதே குழு இன்னொன்றையும் கவனித்தது: நறநறவென்று கடிக்காத நேரத்திலும் வலி உள்ளவர்களின் தசை முழுதாகத் தளரவில்லை, லேசாக முறுக்கிக்கொண்டே இருந்தது.

அதனால் எனக்கு ராத்திரிக் கடியைவிடப் பகல் கடிமேல்தான் சந்தேகம். கணினி முன் உட்கார்ந்திருக்கும்போது, பஸ்ஸில் தொங்கும்போது, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது தொடவே கூடாது. உதடு சேரலாம், பல் சேரக் கூடாது. இதை ஒரு சீட்டில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். செலவில்லாத வைத்தியம் என்பதால் யாரும் செய்வதில்லை.

மோல்மீன் ராஜாத்தி:
ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பல்லைச் சேர்க்காமல் வைத்திருக்கச் சொல்லிக் கொடுக்கவில்லையே. இப்போது பார்த்தால் இதைத் தட்டச்சு செய்யும்போதுகூடக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெகு காதர்:
டாக்டரம்மா, பதில் சொல்லாமல் இருந்தது வேண்டுமென்றே அல்ல. கொஞ்சம் வேண்டுமென்றேதான்.

குன்யா வெற்றிலைச் சுருள் போடுவேன். இருபது வயதில் லாரிக்குப் போனபோது தூக்கம் வராமல் இருக்க ஆரம்பித்தது. இப்போது நாற்பத்தொன்பது. கணக்கு வைத்ததில்லை, ஒரு நாளைக்கு இருபது இருக்கும். சுண்ணாம்பு, பாக்கு, காசுக்கட்டி, புகையிலை எல்லாம் உண்டு. நீங்கள் சொன்ன மாதிரி நாக்கால் தடவிப் பார்த்தேன். கன்னம் உள்ளே தோல் செருப்பு மாதிரி இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்தால் மேலும் கீழுமாகக் கயிறு மாதிரி ஓடுகிறது. இதுவும் அந்த வட்டு நழுவியதுதானா?

பல்லாண்டு:
இல்லை பாய். இது மூட்டு இல்லை என்றே நினைக்கிறேன். இந்த வாரமே வாய்நோய் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். யாங்கோன் வர முடியும் என்றால் பல் மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வாருங்கள். காரம் எரிவது வயிற்றுக் கோளாறு இல்லை, கன்னத்தின் கோளாறு. அதுதான் முதலில் என்னைக் கேட்க வைத்தது.

பாக்கில் உள்ள அரெக்கோலின் என்ற பொருள் கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நாரை அளவுக்கு மேல் உற்பத்தி செய்ய வைக்கிறது. பாக்கில் உள்ள செம்பு அந்த நாரை ஒன்றோடொன்று பின்னி இறுக்குகிறது, உடம்பாலும் அதைக் கரைக்க முடிவதில்லை. நாளாக ஆகக் கன்னம் வெளுத்து, மரத்து, பட்டை பட்டையாக இறுகுகிறது. மூட்டு நன்றாகவே இருக்கும், கதவு துணியில் சிக்கிக்கொண்ட மாதிரி வாய் மட்டும் திறக்காது. முருகேசு அண்ணனுக்கும் உங்களுக்கும் ஒரே இரண்டு விரல், காரணம் வேறு வேறு. அவருடையது பெரும்பாலும் தானாகவே தளரும். உங்களுடையது தளராது. இதில் ஒரு பகுதி பேருக்குப் பின்னால் புற்றாக மாறுகிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை, தள்ளிப் போடாமல் இருக்கச் சொல்கிறேன்.

இந்த நார் நோயை 1952இல் முதலில் எழுதிய ஷ்வார்ட்ஸ் பார்த்தது இந்தியாவில் இல்லை, கென்யாவில் குடியிருந்த ஐந்து இந்தியப் பெண்களிடம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எண்பதுகளில் இந்தியர்களிடையே தேடியபோதும் கிடைத்தது, அங்கேயும் பெரும்பாலும் பெண்களிடம். நம் ஆட்கள் கப்பல் ஏறிப் போன இடமெல்லாம் பாக்கும் கூடவே போயிருக்கிறது. புகையிலை சேர்க்காவிட்டால் பரவாயில்லை என்று இங்கே பலர் சொல்வார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட தொகுப்பில் பாக்கு தனியாகவே புற்று உண்டாக்கும் என்று முதல் வகுப்பில் போட்டுவிட்டது.

மோல்மீன் ராஜாத்தி:
காதர் தம்பி, போய் வா. தாம்பூலத் தட்டில் இரண்டு வெற்றிலை வைப்பதும் நாள் முழுவதும் கன்னத்தில் அதக்கி வைப்பதும் ஒன்றில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன். அவர் கேட்கவில்லை. நீயாவது கேள்.

பொறுப்பாளர்:
பயனுள்ள உரையாடல் என்பதால் இழையை மேலே பொருத்தி வைக்கிறேன். மருந்துப் பெயர், கிளினிக் பெயர் யாரும் போட வேண்டாம். தனிச்செய்தியில் எலும்புத் தைலம் விற்க வந்த இருவரை நீக்கிவிட்டேன்.

தாம்வே முருகேசு:
ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். தேய்க்கப் போகவில்லை. டாக்டரம்மா சொன்ன மாதிரி வேறொரு டாக்டர் சயாமாவிடம் காட்டினேன், வட்டு நழுவியதுதான் என்று கையால் தொட்டுப் பார்த்தே சொன்னார். கடினமானதை மெல்லாதே, காலையும் மாலையும் பத்து நிமிடம் வெந்நீர் ஒற்றடம், ஒற்றடம் கொடுத்த சூட்டோடு விரலால் மெல்ல இழுத்துத் திறக்கும் பயிற்சி. வலி குறைய ஒரு வாரம் மாத்திரை. அவ்வளவுதான். கரண்ட் போன நேரத்தில் விறகடுப்பில் வெந்நீர் வைத்ததுதான் பெரிய சிரமம்.

முதல் இரண்டு வாரம் 28ஐ விட்டு அசையவில்லை, ஏமாற்றுகிறார்களோ என்று நினைத்தேன். நாலாவது வாரம் 31. நேற்று 36. மகள் நோட்டில் வரைபடமே போட்டிருக்கிறாள். டக் சத்தம் திரும்ப வரவில்லை, அவளுக்கு அதுதான் குறை. அலுவலகத் திரையின் ஓரத்தில் "பல் சேரக் கூடாது" என்று ஒட்டியிருக்கிறேன், மேலாளர் யாரைத் திட்டுகிறாய் என்று கேட்டார்.

கணக்கர் வேலு:
நல்ல செய்தி. நானும் அந்தப் பயிற்சியைச் செய்கிறேன். நைட் கார்டையும் போடுகிறேன். எது வேலை செய்தது என்று கேட்காதீர்கள்.

நிலாமதி:
நான் வலியோடுதான் இருக்கிறேன், ஆனால் இப்போது இரவு பதினொன்றுக்குப் போனை வைத்துவிடுகிறேன். ஆறு மணி நேரம் தூங்கிய நாளில் மறுநாள் வலி குறைகிறது என்பதைக் குறித்துவைத்த பிறகுதான் கவனித்தேன். காதர் பாய் என்ன ஆனார்?

பெகு காதர்:
இருக்கிறேன். யாங்கோன் போனேன். கன்னத்தில் சின்னத் துண்டு வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வருகிற வரை பத்து நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. புற்று இல்லை. டாக்டரம்மா சொன்ன நார் நோய்தான், நடுத்தர நிலை என்றார்கள். இறுகியது முழுதாகத் திரும்பாது, மேலே இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம், குன்யாவை இன்றே விடு, வாழ்நாள் முழுக்க ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டு என்றார்கள்.

பயிற்சிக்கு ஐஸ் குச்சி கொடுத்தார்கள். பல்லுக்கு நடுவே அடுக்கி வைத்துக்கொண்டு, முடிந்த நாளில் ஒன்று கூட்ட வேண்டும். பதினான்கில் ஆரம்பித்தேன், இன்று பதினாறு. குன்யா விட்டு முப்பத்திரண்டு நாள். முதல் வாரம் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்கியது, இப்போது ஏலக்காய் போட்டுக்கொள்கிறேன். சுங்கச் சாவடிக்குப் பக்கத்தில் எப்போதும் வாங்கும் கடைப் பையன் நேற்று லாரியைப் பார்த்து ஓடி வந்தான், ஊருக்குப் போயிருந்தீர்களா பாய் என்று கேட்டான். ஆமாம் என்றேன்.